ஆண்டு விழா மலரில் கேடிகளுக்கும் ஒரு பக்கம்

கோல்ஃப் சங்க ஆண்டு விழா மலர்க் குழுவினருக்கு,

வணக்கம். மலருக்காகப் பழைய படங்களும் நினைவுகளும் கேட்டிருக்கிறீர்கள். நான் உறுப்பினன் இல்லை. என் அப்பா உங்கள் மைதானத்தில் முப்பது வருஷம் ஆடுபவர்களின் மட்டைப் பையைத் தூக்கிய கேடி. அந்த உரிமையில் எழுதுகிறேன்.

நாலாம் வகுப்பில் "உங்கப்பாவுக்கு என்ன வேலை?" என்று டீச்சர் கேட்டார். "கேடி" என்றேன். வகுப்பே சிரித்தது. போலீஸ் ஸ்டேஷனில் படம் மாட்டி வைப்பார்களே, அந்தக் கேடி என்று நினைத்துவிட்டார்கள். அன்றிலிருந்து "கிளப்ல வேலை" என்று சொல்லப் பழகிக்கொண்டேன்.

போன முறை போட்ட மலர் வீட்டில் இருக்கிறது. கல்கத்தாவில் 1829இல் பிறந்த கிளப், 1892இல் தொடங்கிய அகில இந்திய அமெச்சூர் போட்டி, 1955இல் வந்த இந்திய கோல்ஃப் யூனியன் என்று வரலாறு வரிசையாக நடக்கிறது. பிறகு உங்கள் தலைவர்கள், கோப்பைகள். பை தூக்கியவர்களைப் பற்றி ஒரு வரி இல்லை. இத்தனைக்கும் தொழில்முறை ஆட்டக்காரர்களும் ஆடும் இந்தியன் ஓப்பன் போட்டியை 1991இல் வென்ற அலி ஷேரும் 2009இல் வென்ற முனியப்பாவும் ஒரு காலத்தில் கேடிகள்தான்.

உங்களைப் போன்ற ஒரு வட்டாரச் சங்கத்தின் கதையைச் சொல்கிறேன். சிகாகோவில் 1899இல் தொடங்கிய வெஸ்டர்ன் கோல்ஃப் அசோசியேஷன். 2024இல் அதற்கு 125 வயது நிறைந்தது. பணக்கார கிளப்புகள் கூடி அமைத்த சங்கம்தான், சந்தேகமே வேண்டாம். ஆனால் அதன் கதையை கேடியை விட்டுவிட்டு யாராலும் எழுத முடியாது.

சிக் எவன்ஸ் என்று ஒருவர். எட்டு வயதில் சிகாகோவின் எட்ஜ்வாட்டர் கிளப்பில் பை தூக்கத் தொடங்கினார். பதினாறு வயதில் நிறுத்த வேண்டியதாயிற்று. அதற்கு மேலும் கூலிக்குப் பை தூக்கினால் அவன் அமெச்சூர் இல்லை என்பது அந்நாளைய விதி. அமெச்சூர் என்றால் ஆசைக்காக ஆடுபவன் என்றுதான் பொருள். கூலி வாங்கினால் ஆசை எங்கே போய்விடும் என்று எனக்கு விளங்கவில்லை. எவன்ஸ் 1916இல் ஏழே மட்டைகளோடு போய் அமெரிக்க ஓப்பனைப் பந்தை மொத்தம் 286 முறை அடித்து வென்றார். அதே ஆண்டு அமெரிக்க அமெச்சூர் பட்டமும் அவருக்கே. ஒரே ஆண்டில் இரண்டையும் வென்ற முதல் ஆள்.

பேர் வந்ததும் பணமும் வந்தது. ஆட்டம் சொல்லிக்கொடுத்து அவர் பேசிய இசைத்தட்டுகள் விற்றன. அந்தக் காசைத் தொட்டால் அமெச்சூர் தகுதி போய்விடும். பணமில்லாமல் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகப் படிப்பைப் பாதியில் விட்டவர் அவர். அந்தப் பணத்தில் கேடிப் பிள்ளைகளைப் படிக்க வைக்கலாமே என்று வழி சொன்னது அவருடைய அம்மா. வெஸ்டர்ன் சங்கம் பொறுப்பேற்றது. அவரால் முடிக்க முடியாத அதே நார்த்வெஸ்டர்னில் 1930இல் முதல் இரண்டு கேடிகள் சேர்ந்தார்கள். இன்றுவரை பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் படித்து முடித்துவிட்டார்கள். கல்லூரிச் சம்பளமும் தங்குமிடமும் சேர்த்தே கிடைக்கிறது.

இன்னொன்றும் அந்தச் சங்கத்தில் எனக்குப் பிடிக்கும். பாஸ்டன் பக்கத்தில் கேடியாக இருந்த ஃபிரான்சிஸ் உய்மெட், 1913இல் இருபது வயதில் அமெரிக்க ஓப்பனை வென்று உலகையே அசத்தியவர். விளையாட்டுப் பொருள் கடை வைத்திருக்கிறார் என்று காரணம் சொல்லி 1916இல் அமெரிக்காவின் தேசிய கோல்ஃப் அமைப்பு அவருடைய அமெச்சூர் தகுதியைப் பறித்தது. வெஸ்டர்ன் சங்கம் அதைச் சட்டை செய்யாமல் அடுத்த ஆண்டே தன் போட்டியில் ஆடவிட்டது. அவர் கோப்பையோடு போனார். 1918இல் பறித்தவர்களே தகுதியைத் திருப்பிக் கொடுத்தார்கள்.

நான் கேட்பது பெரிய தொகை இல்லை. விழா விருந்துச் செலவில் ஒரு பங்கை எடுத்து வைத்தால் இரண்டு பிள்ளைகளின் கல்லூரிச் சம்பளத்துக்குத் தொடக்கமாக இருக்கும். மலரில் கேடிகளுக்கு ஒரு பக்கம் வேண்டும். குளத்தில் விழுந்த பந்தை அப்பா கண்ணால் தேட மாட்டார். இறங்கி, கால் கட்டைவிரலால் சேற்றைத் துழாவி எடுப்பார். மழை பெய்த மறுநாள் எந்தக் குழிப் பக்கம் பந்து எவ்வளவு உருளும் என்று அவருக்குத் தெரிந்ததை உங்கள் கேப்டன்கள் கேட்டுத்தான் அடித்தார்கள். இதெல்லாம் எந்தப் பதிவேட்டிலும் கிடையாது.

போன மலரின் நடுப்பக்கத்தில் ஒரு கறுப்பு வெள்ளைப் படம். கோப்பையோடு நால்வர் சிரிக்கிறார்கள். வலது ஓரத்தில் பையைப் பிடித்தபடி ஒரு கை மட்டும் தெரிகிறது, மணிக்கட்டில் கயிறு கட்டிய கை. மற்றதை வெட்டிவிட்டீர்கள். அது அப்பாவின் கை. வெட்டாத படம் உங்கள் அலுவலக அலமாரியில் இருந்தால் ஒரு நகல் கொடுங்கள். பக்கத்தில் நின்ற மற்ற கேடிகள் யார் யார் என்று அப்பாவுக்கு நினைவிருக்கிறது. பெயர்களை எழுதி வாங்கி நானே கொண்டுவந்து தருகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் பழைய கேடி ஒருவரின் மகன்