சிவப்பு லைட் ஆறு தடவை சிமிட்டினால் என்ன பழுது? டிவி கம்பெனிகளுக்கு ஒரு திறந்த மடல்

டிவி தயாரித்து விற்கும் கம்பெனிகளில், சர்வீஸ் பற்றி முடிவெடுக்கும் இடத்தில் இருப்பவர்களுக்கு,

வணக்கம். நான் காரைக்குடியில் 30 வருஷத்துக்கு மேலாக டிவி பழுது பார்ப்பவன். எந்தக் கம்பெனியின் அங்கீகாரமும் இல்லாத சின்னக் கடை. ஆனால் சுற்றியுள்ள ஊர்களில் நீங்கள் விற்ற செட்டுகளில் பாதி, வாரண்டி முடிந்த பிறகு என் மாதிரிக் கடைகளின் மேஜைக்குத்தான் வருகின்றன. உங்களிடம் கேட்கப்போவது பணமோ சலுகையோ இல்லை. நீங்கள் ஏற்கெனவே வரைந்து வைத்திருக்கிற சில காகிதங்கள், அவ்வளவுதான். ஏன் கேட்கிறேன் என்பதை இரண்டு செட்டுகளை வைத்துச் சொல்கிறேன்.

முதலாவது, கானாடுகாத்தான் பக்கம் ஒரு பெரிய வீடு. எங்கள் பகுதியை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். இங்கே பல வீடுகள் வருஷத்தில் பெரும்பகுதி பூட்டியே கிடக்கும். பங்காளிகள் சென்னையிலும் சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் இருப்பார்கள். கல்யாணம், சாந்தி (அறுபதாம் கல்யாணம் போன்றவை), படைப்பு (முன்னோருக்குப் படைப்பது) என்றால் எல்லோரும் வந்து திறப்பார்கள். மற்ற நாளில் வீட்டைப் பார்த்துக்கொள்ள ஒருவர் மட்டும் இருப்பார். அந்த வீட்டுப் பட்டகசாலையில், அதாவது பெரிய ஹாலில், மாட்டியிருந்த டிவி ராத்திரியில் தானாகவே ஓட ஆரம்பித்தது. சத்தமும் தானாகவே ஏறி 100-ல் போய் நின்றது. வீட்டைப் பார்த்துக்கொள்ளும் அம்மா பயந்துபோய் அந்தப் பக்கம் படுப்பதையே விட்டுவிட்டார். கம்பெனியிலிருந்து வந்த ஆள், மெயின் போர்டு போய்விட்டது, இந்த மாடலுக்கு இனி போர்டு வராது, புதுசு வாங்கிக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்.

நான் போனதும் செட்டைத் தொடவில்லை. எப்போதெல்லாம் இப்படி ஆகிறது என்று அந்த அம்மாவிடம் கேட்டேன். “மழை பேஞ்ச அன்னைக்கும் விடியக்காலையிலயும் ஜாஸ்தி தம்பி. உச்சி வெயில்ல ஒழுங்கா ஓடுது” என்றார். கார்த்திகை மாதம். முற்றத்துக் கல் தரையெல்லாம் ஈரம். அந்த ஒரு வரிதான் எனக்கு வழிகாட்டியது. ஈரத்தில் வந்து வெயிலில் போகிற பழுது மெயின் சிப்பில் இருக்க வாய்ப்புக் குறைவு. ஈரம் புகுந்து மெல்லிய கசிவு ஏற்படும் இடமாகத்தான் இருக்க வேண்டும்.

செட்டின் ஓரத்தில் பவர், சத்தம், சேனல் மாற்றும் பட்டன்கள் ஒரு சின்ன போர்டில் இருக்கும். பட்டன் ஒவ்வொன்றுக்கும் தனித்தனி ஒயர் போவதில்லை. எல்லாமே ஒரே ஒயரில்தான். எந்தப் பட்டனை அழுத்துகிறோமோ அதற்கேற்ப அந்த ஒயரில் வோல்டேஜ் ஒரு அளவுக்கு இறங்கும். அதை வைத்துத்தான் செட் எந்தப் பட்டன் என்று தெரிந்துகொள்கிறது. அந்தப் போர்டின் இணைப்பைக் கழற்றினேன். செட் அமைதியானது. மெயின் போர்டு பக்கம் மீட்டர் வைத்தால் 3.3 வோல்ட், ஆடாமல் நின்றது. திரும்ப மாட்டினால் இரண்டு வோல்ட்டைச் சுற்றித் தள்ளாடியது. யாரும் தொடாமலே யாரோ பட்டனை அழுத்துகிறார்கள் என்று செட் நம்பிக்கொண்டிருந்தது. அப்புறம் ஹேர் டிரையரை எடுத்து அந்தச் சின்ன போர்டில் மட்டும் சூடு காட்டினேன். மீட்டரில் எண் மெதுவாக ஏறியது. 2.1, 2.4, 2.9. கடைசியில் 3.3-ல் வந்து நின்றுவிட்டது. பக்கத்தில் நின்ற அந்த அம்மாவுக்கும் எண்ணைக் காட்டினேன். “ஈரமா இதெல்லாம் பண்ணுச்சு?” என்று கேட்டார். பட்டன்களை மாற்றினேன், ஒன்று சில ரூபாய்தான். செட் இன்றுவரை ஒழுங்காக ஓடுகிறது.

யோசித்துப் பாருங்கள். மெயின் போர்டு கிடைக்கவில்லை என்பதால் ஒரு நல்ல செட் குப்பைக்குப் போயிருக்கும். சரி, போர்டு கிடைத்தது என்றே வைத்துக்கொள்வோம். புது போர்டைப் போட்டாலும் அன்று ராத்திரியே அதே பழுது வந்திருக்கும். போர்டு மாற்றுவதும் பழுது கண்டுபிடிப்பதும் ஒன்றல்ல. உங்கள் ஆட்களைக் குறை சொல்ல நான் இதை எழுதவில்லை. அவர்களில் சிலர் என்னிடம் தொழில் கற்ற பையன்கள். ஒரு நாளைக்கு இத்தனை வீடு என்று கணக்கு கொடுத்து, கையில் போர்டை மட்டும் கொடுத்து அனுப்புகிறீர்கள். உட்கார்ந்து யோசிக்க அவர்களுக்கு நேரமும் இல்லை, பார்க்க வரைபடமும் இல்லை.

இரண்டாவது, பள்ளத்தூரில் தனியாக இருக்கும் ஒரு ஆச்சியின் டிவி. 32 இஞ்ச் எல்இடி செட். தினமும் சாயங்காலம் விளக்கு வைக்கும் நேரத்துக்கு அணையும், தானாகவே திரும்ப வரும், மறுபடி அணையும். கடைக்கு எடுத்து வந்து மூன்று நாள் ஓட்டினேன். ஒரு தடவைகூட அணையவில்லை. திருப்பிக் கொடுத்தேன். அன்று சாயங்காலமே போன். “நீ இருந்தா மட்டும் ஒழுங்கா ஓடுதுப்பா” என்றார். எங்கள் தொழிலில் இதைவிடச் சங்கடமான வார்த்தை இல்லை. செட்டைக் கடைக்குக் கொண்டு வந்தவன், பழுதைக் கொண்டு வர மறந்துவிட்டேன் என்று அப்போதுதான் உறைத்தது.

சாயங்காலம் ஏழு மணிக்கு மீட்டரோடு அங்கே போய் உட்கார்ந்தேன். பிளக்கில் 168 வோல்ட். என் கடையில் 230-க்கு மேல். மறுநாள் செட்டை எடுத்து வந்து, வோல்டேஜைக் கூட்டிக் குறைக்கும் வேரியாக் என்ற கருவியை வைத்து, வோல்டேஜைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தேன். 200-ல் ஓடியது. 180-க்குக் கீழே இறக்கியதும், வெளிச்சமான காட்சி வந்தபோதெல்லாம் அணைந்தது. பவர் சப்ளையில் கரண்டைத் தேக்கி வைக்கும் பெரிய கெப்பாசிட்டரைக் கழற்றி அளந்தேன். மேலே எழுதியிருப்பது 100 மைக்ரோஃபாரட். மீட்டர் காட்டியது 19. உப்பியிருந்தால் பார்த்தவுடனே தெரிந்திருக்கும். இது தலை தட்டையாக, புதுசு போலவே நின்றது. உள்ளே மட்டும் காய்ந்துபோயிருந்தது. நல்ல வோல்டேஜில் அந்தக் குறை வெளியே தெரியாது. வோல்டேஜ் இறங்கி, திரைக்குப் பின்னால் எரியும் பேக்லைட் அதிகக் கரண்ட் கேட்கும்போதுதான் காலை வாரும். ஆச்சியின் பிள்ளைகள் அதற்குள் ஆன்லைனில் புது டிவி பார்க்கத் தொடங்கியிருந்தார்கள். ஆச்சிக்குப் புதுசு வேண்டாம். அந்த ரிமோட்டில் எந்தப் பட்டன் எங்கே என்று கண்ணை மூடிக்கொண்டு தெரியும் அவருக்கு.

இந்த இரண்டு செட்டிலும் வரைபடம் இல்லாமலே கண்டுபிடித்துவிட்டாயே, பிறகு எதற்குக் கேட்கிறாய் என்று நீங்கள் கேட்கலாம். கண்டுபிடித்தவற்றை மட்டும் சொல்லியிருக்கிறேன். கண்டுபிடிக்க முடியாமல் திருப்பிக் கொடுத்த செட்டுகளும் உண்டு. அவற்றில் பலவற்றில் போர்டில் மீட்டர் வைத்து அளக்க விட்டிருக்கும் ஒரு டெஸ்ட் பாயிண்டில் எத்தனை வோல்ட் வர வேண்டும் என்று தெரிந்திருந்தால் போதும். திரையை இயக்கும் டி-கான் போர்டிலிருந்து பேனலுக்கு, அதாவது திரைக்கு, போகும் நான்கைந்து வோல்டேஜில் ஒன்று குறைந்தாலே படம் வெளுத்துவிடும், அல்லது கோடு கோடாகும். காரணம் பொட்டு அளவு செராமிக் கெப்பாசிட்டர் ஒன்று ஷார்ட் ஆனதாக இருக்கலாம். பேனலே போனதாகவும் இருக்கலாம். முன்னது நூறு ரூபாய்க்குள் முடியும். பின்னது புது டிவி விலையை நெருங்கும். இரண்டுக்கும் நடுவே நிற்பது, அங்கே 28 வோல்ட் வர வேண்டுமா 33 வோல்ட் வர வேண்டுமா என்ற ஒரே ஒரு எண். அது உங்களிடம் இருக்கிறது, என்னிடம் இல்லை.

நான் தொழில் கற்ற காலத்தில் இப்படி இல்லை. சென்னையில் தயாரான டயனோரா, சாலிடேர் செட்டுகள் இந்தப் பக்கத்து வீடுகளில் நிறைய இருந்தன. இலங்கையின் ரூபவாகினி டிவி எடுக்க மொட்டை மாடியில் உயரக் கம்பம் நட்டு ஆன்டெனா கட்டிய காலத்தின் செட்டுகள். அன்று சர்க்யூட் டயகிராம் கிடைப்பது பெரிய காரியமில்லை. பாகத்தின் எந்தக் காலில் எத்தனை வோல்ட், எந்த இடத்தில் அலை எந்த வடிவம் என்று அதிலேயே இருக்கும். திரை நடுவில் ஒரே கோடாகச் சுருங்கினால் படத்தை மேலும் கீழும் விரிக்கும் வெர்டிகல் பகுதி என்று பார்த்தவுடன் தெரியும். அதற்குள் எந்தப் பாகம் என்பதை அந்தத் தாள் சொல்லும். என் குருநாதர் அதைச் சுவரில் ஒட்டி வைத்து, விரலால் தடம் பிடித்துப் போகச் சொல்வார். இன்று என்னிடம் படிக்க வரும் பையனுக்கு நான் காட்ட எதுவும் இல்லை.

சாஃப்ட்வேர் விஷயம் இதைவிட மோசம். லோகோவோடு நின்றுபோகும் செட்டுகள் பலவற்றுக்கு சாஃப்ட்வேரைத் திரும்ப ஏற்றினாலே போதும். ஆனால் ஒரே மாடல் எண்ணில் நீங்கள் இரண்டு மூன்று வகைப் பேனல் போட்டு விற்கிறீர்கள். பேனலுக்குப் பொருந்தாத ஃபைலை ஏற்றினால் படம் தலைகீழாக வரும், அல்லது நிறம் குழம்பும், சிலது எழுந்திருக்கவே எழுந்திருக்காது. சரியான ஃபைல் உங்கள் சர்வரில் இருக்கிறது. நாங்களோ யார் யாரோ போட்டு வைத்ததை, நம்பியும் நம்பாமலும் பென் டிரைவில் ஏற்றிப் பார்க்கிறோம்.

இடையில் ஒன்று சொல்லிவிடுகிறேன். பேக்லைட் எல்இடிகள் இத்தனை சீக்கிரம் போவதற்குக் காரணம், கடையில் பளிச்சென்று தெரிய வேண்டும் என்று அவற்றை உச்சக் கரண்டில் ஓட விடுவதுதான் என்பது என் உறுதியான கருத்து. சத்தம் வருகிறது, படம் இல்லை என்று வருபவர்களின் திரையில் டார்ச் அடித்துக் காட்டுவேன். உள்ளே படம் மங்கலாக ஓடிக்கொண்டிருக்கும். ஒன்றன் பின் ஒன்றாகக் கோத்த எல்இடிகளில் ஒன்று போனால் மொத்த வரிசையும் இருட்டு. மாற்றிக் கொடுக்கும்போது கரண்டைக் கொஞ்சம் குறைத்துத்தான் கொடுக்கிறேன். திரும்பி வருவது குறைவு. இதை நீங்கள் தொழிற்சாலையிலேயே செய்யலாம்.

வெளி ஆட்களிடம் வரைபடம் போனால் ஆபத்து என்று உங்கள் தரப்பில் சொல்லக் கேட்டிருக்கிறேன். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அந்தப் பெரிய கெப்பாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேல் தேங்கி நிற்கும் என்பது எங்களுக்கும் தெரியும். என் வலது கைக்கு நன்றாகவே தெரியும். எந்தப் பக்கம் பிளக்கிலிருந்து வரும் கரண்டோடு நேரடியாகச் சேர்ந்தது, எந்தப் பக்கம் பிரிக்கப்பட்டது என்று கோடு போட்டுக் காட்டும் தாளைக் கொடுத்தால் ஆபத்து குறையுமா, கூடுமா? நாங்கள் செட்டைத் திறக்கத்தான் போகிறோம். தெரிந்து திறக்கட்டும் என்கிறேன்.

நான் புதிதாக எதையும் கேட்கவில்லை. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2021 மார்ச்சிலிருந்து, டிவி விற்பவர்கள் பழுது பார்ப்பவர்களுக்கு உதிரி பாகங்களைக் குறைந்தது 7 வருஷத்துக்குக் கொடுக்க வேண்டும், பழுது பார்க்கும் தகவலையும் கொடுக்க வேண்டும் என்று விதி வந்துவிட்டது. அங்கே விற்கும் கம்பெனிகளில் பல இங்கேயும் விற்கின்றன. நம் நாட்டிலும் நுகர்வோர் விவகாரத் துறை 2022-ல் இதற்கென ஒரு குழு அமைத்தது. அதே வருஷம் டிசம்பர் 24, தேசிய நுகர்வோர் தினத்தன்று, பழுதுபார்க்கும் உரிமைக்கான இணையதளத்தையும் திறந்தது. கட்டாயச் சட்டம் வரும்வரை காத்திருக்காமல் நீங்களாகவே செய்யுங்கள் என்று கேட்கிறேன்.

எல்லாவற்றையும் ஒரே நாளில் கொடுக்க வேண்டாம். டெஸ்ட் பாயிண்ட் பக்கத்தில் வர வேண்டிய வோல்டேஜை போர்டிலேயே அச்சடியுங்கள். சில போர்டுகளில் இப்போதே இருக்கிறது. கும்பிடத் தோன்றும். மாடலோடு பேனல் எண்ணையும் போட்டால் சரியான சாஃப்ட்வேர் கிடைக்கும்படி வையுங்கள். எல்இடி ஸ்ட்ரிப், பவர் ஐசி மாதிரிச் சின்னப் பாகங்களை எங்களுக்கும் விலைக்குக் கொடுங்கள். ஒரு ஐசிக்காகக் காலையில் பல்லவன் ரயிலில் ஏறி, எலெக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த சென்னை ரிச்சி தெருவுக்குப் போய், அங்கேயும் பழைய போர்டிலிருந்து கழற்றியதை வாங்கி வர வேண்டியிருக்கிறது. அது நல்லதா கெட்டதா என்று மாட்டிப் பார்த்தால்தான் தெரியும்.

எல்லாவற்றுக்கும் முன்னால் ஒன்று. இதை எழுதும்போது என் மேஜையில் தேவகோட்டையிலிருந்து வந்த ஒரு செட் இருக்கிறது. ஆன் செய்தால் திரை வராது. சிவப்பு லைட் ஆறு தடவை சிமிட்டும், கொஞ்சம் நிற்கும், திரும்ப ஆறு. என்ன பழுது என்பதைச் செட்டே சொல்லிக்கொண்டிருக்கிறது. அந்தப் பாஷையை எழுதியவர்கள் நீங்கள். ஆறு என்றால் பேக்லைட்டா, பவர் சப்ளையா, பேனலா? கஸ்டமர் கேரில் கேட்டேன். அது அங்கீகாரம் பெற்ற சென்டர்களுக்கு மட்டும் என்றார்கள். நாலு நாளாக ஒவ்வொரு லைனாக அளந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன். கண்டுபிடித்துவிடுவேன் என்றுதான் நினைக்கிறேன். இருந்தாலும் அந்த ஒரு பக்க அட்டவணையை, எத்தனை சிமிட்டல் என்றால் என்ன பழுது என்பதை, இந்த வாரமே உங்கள் இணையதளத்தில் போடுங்கள்.

இப்படிக்கு,
காரைக்குடியிலிருந்து ஒரு டிவி மெக்கானிக்