சாக்ஸபோனை விட்டுவிட்டீர்களே

ஆசிரியர் அவர்களுக்கு,

பங்க் ராக் என்ற முரட்டு ராக் இசை பற்றிய ஞாயிறு கட்டுரையை ஆவலோடு படித்தேன். செக்ஸ் பிஸ்டல்ஸ், கிளாஷ் குழுக்கள் எல்லாம் சரி. எக்ஸ்-ரே ஸ்பெக்ஸ் என்ற லண்டன் பங்க் குழுவைப் பற்றி ஒரு வரிகூட இல்லையே!

1976 ஜூலை 3, தன் 19-வது பிறந்தநாளன்று இங்கிலாந்தின் ஹேஸ்டிங்ஸ் கடற்பாலத்தில் செக்ஸ் பிஸ்டல்ஸைப் பார்த்த உற்சாகத்தில், பத்திரிகையில் விளம்பரம் கொடுத்து இந்தக் குழுவுக்கு ஆள் சேர்த்தவர் அதன் பாடகி பாலி ஸ்டைரீன். அப்பா சோமாலியர், அம்மா வெள்ளைக்காரர். பல்லில் கம்பி கட்டியபடியே மேடையேறி, தொண்டை கிழியப் பாடுவார். பக்கத்தில் பள்ளி வயதுப் பெண் லோரா லாஜிக் சாக்ஸபோன் ஊதுவார். எங்கும் கிதார் மட்டுமே இரைந்த நேரத்தில் அந்த ஊதல் எவ்வளவு புதுசு! இன்று கேட்டாலும் எனக்குச் சிலிர்க்கிறது.

1978 ஏப்ரலில் லண்டன் விக்டோரியா பூங்காவில் நிறவெறிக்கு எதிராகத் திரண்ட பெருங்கூட்டத்தின் முன் பாடினார்கள். நவம்பரில் முதல் ஆல்பம் வந்தது. பிளாஸ்டிக் மோகம், விளம்பர மோகம், கிருமி பயம் எல்லாம் அதில் பாட்டாகியிருக்கின்றன. அடுத்த ஆண்டே குழு கலைந்தது. பாலி அப்புறம் ஹரே கிருஷ்ணா இயக்கத்தில் சேர்ந்தார். 2011-ல் புற்றுநோயால் காலமானார்.

அடுத்த கட்டுரையில் அவருக்கு அரைப் பக்கமாவது ஒதுக்குங்கள்.

- ஒரு வாசகர், திருச்சி