புரை இல்லை என்று திருப்பி அனுப்புகிறவர்களின் கண்ணையும் கொஞ்சம் பாருங்கள்

மாவட்டப் பார்வை இழப்புத் தடுப்புச் சங்கத்தினருக்கும், ஊர் ஊராக இலவசக் கண் முகாம் நடத்தும் அமைப்புகளுக்கும் வணக்கம்.

வருகிற ஞாயிறு எங்கள் ஊர் அரசுப் பள்ளியில் முகாம் என்று நோட்டீஸ் வந்திருக்கிறது. கண்புரை, இலவச லென்ஸ், போக வர வண்டி, சாப்பாடு, தலைக்குக் குளித்துவிட்டு வரவும், ஆதார் ஜெராக்ஸ் கொண்டு வரவும், சர்க்கரைக்காரர்கள் மாத்திரையோடு வரவும், எல்லாம் இருக்கிறது. கண் நரம்பை அரித்துப் பார்வையைப் பறிக்கிற கிளாகோமா நோய் இருக்கிறதா என்று கண் அழுத்தம் பார்ப்போம், கண் நரம்பைப் பார்ப்போம் என்று ஒரு வரி இல்லை. போன வருடமும் இல்லை. அதனால்தான் இந்த மடல்.

என் அப்பா முகாம் என்றால் தவறாமல் போகிறவர். டார்ச் அடித்துப் பார்ப்பார்கள், சுவரில் மாட்டிய எழுத்துகளைப் படிக்கச் சொல்வார்கள், அவரும் கடைசிக்கு முந்தின வரி வரை கடகடவென்று படித்துவிடுவார். "பெரியவரே, புரை இன்னும் முத்தல, அடுத்த வருஷம் வாங்க." அவ்வளவுதான். சீட்டில் 'அழுத்தம்' என்ற இடத்தில் 'நார்மல்' என்று எழுதியிருக்கும், அது மூடின இமை மேல் விரலால் அமுக்கிப் பார்த்து எழுதியது. அவர் வீட்டுக்கு வந்து எனக்குக் கண்ணில் ஒரு குறையும் இல்லை என்று பெருமையாகச் சொல்வார். நடுப்பார்வையை விட்டுவிட்டு ஓரத்திலிருந்து அரித்துக்கொண்டு வருகிற நோய் கிளாகோமா என்பதும், எழுத்துப் பலகை அதைக் காட்டிக்கொடுக்காது என்பதும் உங்களுக்குத் தெரியாததல்ல. அவருக்குத் தெரியாது.

பந்தியில் பக்கத்தில் சாதம் வைத்துக்கொண்டு நிற்பவரைக் கவனிக்காமல் இவர் பாட்டுக்குச் சாப்பிட்டுக்கொண்டிருப்பார், பரிமாறுகிறவர் வேண்டாம் போல என்று நகர்ந்துவிடுவார். வயசாகிவிட்டது என்று நினைத்தோம். ஒரு நாள் வாசற்படி தெரியாமல் விழுந்த பிறகுதான் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய், சுற்றுப் பார்வை எவ்வளவு இருக்கிறது என்று பார்க்கிற ஃபீல்டு டெஸ்ட் எடுத்தோம். ஒரு கண்ணை மூடி, தாடையை வைத்து, கிண்ணம் மாதிரி இருக்கிற வெள்ளைக் கருவிக்குள் பார்த்தபடி, வெளிச்சப் புள்ளி வரும்போதெல்லாம் கையில் இருக்கிற பொத்தானை அமுக்க வேண்டும். அப்பா பொத்தானைப் பிடித்தபடி அசையாமல் உட்கார்ந்திருந்தார். அந்தப் பெண், "தாத்தா, லைட் வந்தா அமுக்குங்க" என்றார். "சரிம்மா" என்றார். மெஷின் பாட்டுக்கு டிக் டிக் என்று ஓடிக்கொண்டிருந்தது. மறுபடியும், "தாத்தா, தூங்கிட்டீங்களா? லைட் வருது பாருங்க." அப்பா முகத்தை எடுக்காமலே கேட்டார்: "எங்கம்மா வருது?" பிறகு கையில் கொடுத்த தாளில் நடுவில் கொஞ்சம் வெள்ளை, மிச்சம் எல்லாம் கறுப்பு. அழுத்தம் அந்தக் கண்ணில் 34, வழக்கமாக 21க்குள் இருக்க வேண்டியது.

இது எங்கள் வீட்டுக் கதை மட்டும் என்றால் நான் வாயை மூடிக்கொண்டிருப்பேன். சங்கர நேத்ராலயா 2001 முதல் 2004 வரை சென்னையிலும் திருவள்ளூர், காஞ்சிபுரம் மாவட்டக் கிராமங்களிலும் 40 வயதைத் தாண்டியவர்களை வைத்துச் 'சென்னை கிளாகோமா ஆய்வு' நடத்தியது. கண்ணுக்குள் நீர் வடிகிற கோணம் திறந்திருந்தும் வருகிற 'திறந்த கோண' வகை கிளாகோமா மட்டும் கிராமத்தில் நூற்றுக்கு 1.62 பேர், நகரத்தில் 3.51 பேர். அவர்களில் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல், தனக்கு இந்த நோய் இருப்பதே தெரியாதவர்கள். அரவிந்த் கண் மருத்துவமனை தென் மாவட்டங்களில் நடத்தி 2003இல் வெளியிட்ட கணக்கிலும் அதே வகைக்காரர்களில் 93 சதவீதம் பேருக்குத் தெரியாது, ஐந்தில் ஒருவருக்கு ஒரு கண்ணாவது பார்வை போயிருந்தது. உலகமே எடுத்துப் படிக்கிற ஆய்வுகள் நம் ஊர்க்காரர்கள் கண்ணை வைத்து எழுதப்பட்டவை. இருபது வருடம் ஆகியும் அதில் ஒரு வரி எங்கள் ஊர் முகாமுக்கு வந்து சேரவில்லை.

அழுத்தம் மட்டும் பார்த்தாலும் போதாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். அந்தச் சென்னை ஆய்விலேயே நோய் இருந்தவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு அன்று அழுத்தம் 21க்குள்தான் இருந்தது. கருவிழி மெலிந்தவர்களுக்கு உள்ளே இருப்பதைவிடக் குறைவாகத்தான் கருவி காட்டும். அதனால்தான் நரம்பையும் பாருங்கள் என்று சேர்த்தே கேட்கிறேன்.

முன்னாலேயே தெரிந்தால் என்ன ஆகிவிடும் என்று கேட்கலாம். அழுத்தம் கூடி, நோய் இன்னும் வராதவர்களுக்குச் சொட்டு மருந்து போட்டதில் ஐந்து ஆண்டுகளில் நோய் வந்தவர்கள் 9.5 சதவீதத்திலிருந்து 4.4 ஆகக் குறைந்தார்கள் என்று 2002லேயே அமெரிக்க ஆய்வு சொன்னது. அழுத்தம் ஒவ்வொரு மில்லிமீட்டர் (பாதரச அளவில்) குறையக் குறைய நோய் முற்றும் ஆபத்து சுமார் 10 சதவீதம் குறைகிறது என்றது சுவீடன் ஆய்வு. முற்றிய பிறகு வந்தால் என்ன கிடைக்கும்? அப்பாவுக்கு டிராபெகுலெக்டமி, அதாவது கண்ணுக்குள் இருக்கிற நீர் வடியப் புது வழி செய்கிற ஆபரேஷன், செய்தார்கள், இப்போது அழுத்தம் 14, மருத்துவர் நல்ல மனிதர், "இது போனதைக் கொண்டுவராது, இருக்கிறதைக் காப்பாத்தத்தான்" என்று முன்கூட்டியே சொல்லித்தான் செய்தார். அந்தக் காப்பும் நிரந்தரமில்லை. ஏற்கெனவே அறுவை சிகிச்சை நடந்த கண்களில் அமெரிக்க மருத்துவர்கள் ஒப்பிட்டுப் பார்த்ததில், ஐந்து ஆண்டுகளில் இந்த வழி 46.9 சதவீதம் பேருக்கும், குழாய் வைக்கிற வழி 29.8 சதவீதம் பேருக்கும் தோற்றிருக்கிறது. ஒரு சொட்டு மருந்தோடு முடிந்திருக்க வேண்டியது இந்தக் கணக்கில் வந்து நிற்கிறது.

இன்னொரு பக்கம், கண் அரித்தால் மெடிக்கல் ஷாப்பில் போய்ச் சொன்னால் போதும், ஸ்டீராய்டு கலந்த சொட்டு மருந்தைச் சீட்டுக் கேட்காமல் எடுத்துக் கொடுக்கிறார்கள். அதைப் பல மாதம் போட்டால் சிலருக்கு அழுத்தம் எகிறும், பாட்டிலில் பொடி எழுத்தில் போட்டிருக்கும், படிக்க நல்ல கண் வேண்டும். மார்ச் மாதம் உலக கிளாகோமா வாரம் வந்தால் நர்சிங் மாணவிகளை வெயிலில் பதாகையோடு நடக்கவிட்டு, கொடியசைத்து, போட்டோ எடுத்துப் பேப்பரில் போட்டுவிடுகிறோம். முகாம் பந்தலில் நன்கொடையாளர்கள் முகம் எவ்வளவு பெரிதாக இருக்கிறது என்றால், சுற்றுப் பார்வை போனவருக்குக்கூட நன்றாகத் தெரியும்.

சரி, கோபத்தில் எங்கோ போய்விட்டேன், மன்னிக்கவும். நீங்கள் செய்கிற புரை ஆபரேஷனால் பார்வை வந்தவர்கள் எங்கள் தெருவிலேயே இருக்கிறார்கள், அதை நான் குறைத்துப் பேசவில்லை. வீடு வீடாகப் போய்ப் பரிசோதியுங்கள் என்றும் கேட்கவில்லை. நீங்கள் கூப்பிட்டதால் வந்து வரிசையில் நிற்கிறவர்களில் 40 வயதைத் தாண்டிய எல்லோருக்கும், புரை இருந்தாலும் இல்லாவிட்டாலும், கருவி வைத்து அழுத்தம் பாருங்கள், நரம்பைப் பாருங்கள். மரத்துப்போகிற மருந்துகூடப் போடாமல் சில நொடியில் அழுத்தம் சொல்கிற கையடக்கக் கருவி இப்போது இருக்கிறது. சந்தேகம் வந்தவர்களைப் புரைக்காரர்களோடு அதே வண்டியில் ஏற்றிக்கொண்டு போகலாம். அப்புறம், ஒருவருக்கு நோய் இருக்கிறது என்று தெரிந்தால் கூடப் பிறந்தவர்களையும் பிள்ளைகளையும் கூப்பிட்டுப் பாருங்கள், இது குடும்பத்தில் ஓடுகிற நோய்.

அப்பாவின் தங்கை, என் அத்தை, ஞாயிற்றுக்கிழமை உங்கள் முகாமுக்கு வருகிறார். அவரும் எழுத்துகளை நன்றாகவே படிப்பார். தயவுசெய்து அதை வைத்து அனுப்பிவிடாதீர்கள். நரம்பைப் பார்க்க இருட்டறை வேண்டும் என்றால் தலைமையாசிரியரிடம் பேசிவிட்டேன், ஏழாம் வகுப்பு அறையைத் தருகிறார், ஜன்னல்களுக்குக் கறுப்புத் துணி நாங்களே கட்டிவிடுகிறோம். கருவியும் பார்க்கத் தெரிந்த ஒருவரும் மட்டும் உங்கள் பக்கத்திலிருந்து வர வேண்டும். வருவார்களா என்று சனிக்கிழமைக்குள் பள்ளிக்குத் தெரிவித்தால் உதவியாக இருக்கும்.

இப்படிக்கு,
உங்கள் முகாம் வரிசையில் நின்றவரின் மகள்