எண்ணெய் லேனுக்குக் கேட்ட பந்தில் தவறான துளைகள்: மாற்றித் தரக் கோரும் புகார்

பெறுநர்:
மேலாளர் அவர்கள்,
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு

பொருள்: நான் வாங்கிய பவுலிங் பந்தின் பாலிஷும் துளை அமைப்பும் கேட்டபடி இல்லாதது

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

வணக்கம். உங்கள் நிறுவனத்தில் துளை போட்டு வாங்கிய 15 பவுண்டு பந்து, எண்ணெய் அதிகமுள்ள லேனில் (பந்தை உருட்டும் பாதையில்) வளைந்து திரும்பவே மாட்டேன் என்கிறது. இதற்குக் காரணம் என் வீச்சுதான் என்று உங்கள் ஊழியர் பதில் எழுதியிருக்கிறார். அதை நான் ஏற்கவில்லை.

ஆர்டர் படிவத்தில் தெளிவாகவே எழுதியிருந்தேன்: சாலிட் ரியாக்டிவ் ரெசின் (எண்ணெய் லேனைப் பிடிக்கும் ஒரு மேலுறை வகை) பந்து, மேற்பரப்பு 1000 அப்ரலான் (அந்த எண்ணுள்ள தேய்ப்புப் பேடால் பாலிஷ் இல்லாமல் தேய்த்தது), துளை அமைப்பில் பின் புள்ளிக்கும் (பந்தின் உள்ளே இருக்கும் கோர் என்னும் எடைப் பகுதியின் உச்சியைக் காட்டும் குறி) என் அச்சுப் புள்ளிக்கும் (நான் வீசும்போது பந்து சுழலும் அச்சு மேற்பரப்பைத் தொடும் இடம்) இடைவெளி 3 3/8 அங்குலம். என் அச்சுப் புள்ளியின் அளவையும் குறித்திருந்தேன். வந்த பந்து சாலிட்தான், அதில் குறையில்லை. ஆனால் முகம் தெரிகிற அளவுக்குப் பாலிஷ் போட்டிருந்தது. பளபளப்பான பந்து எண்ணெயின் மேல் வழுக்கிக்கொண்டே போகும். சொரசொரப்பு இருந்தால்தான் எண்ணெயைத் தாண்டி லேனைப் பிடிக்கும். பாலிஷ் பந்து எண்ணெய் குறைந்த லேனுக்கு நல்ல தேர்வு, நான் கேட்டது அதுவல்ல.

பாலிஷ் விஷயத்தை விட்டுவிடலாம். 1000 பேடால் நானே தேய்த்துச் சரிசெய்துகொண்டேன். முன்பைவிடச் சற்று சீக்கிரமாக உருளத் தொடங்கியது, ஆனாலும் ஹூக் (பந்து வளைந்து திரும்புவது) போதவில்லை. பிறகுதான் துளைகளை அளந்து பார்த்தேன். பின் புள்ளி என் அச்சுப் புள்ளியிலிருந்து ஏறக்குறைய 6 அங்குலம் தள்ளியிருக்கிறது.

இந்த வித்தியாசம் சின்ன விஷயமல்ல. பந்தின் சுற்றளவு சுமார் 27 அங்குலம், அதில் கால் பங்கு 6 3/4. பின் புள்ளி அதன் பாதித் தொலைவில், அதாவது 3 3/8-இல், இருக்கும்போது ஃப்ளேர் (பந்து உருளும் தடம் ஒவ்வொரு சுற்றிலும் அதன்மேல் சற்று இடம் மாறுவது) அதிகபட்சமாகக் கிடைக்கும். ஃப்ளேர் இருந்தால் பந்து ஒவ்வொரு சுற்றிலும் எண்ணெய் படாத புதிய பரப்பை லேனில் வைக்கும். 6 அங்குலத்தில் அது வெகுவாகக் குறைந்துவிடும், எண்ணெய் படிந்த அதே பட்டையிலேயே பந்து மறுபடி மறுபடி உருளும். இணைத்துள்ள படங்களைப் பாருங்கள்: எண்ணெய் வளையங்கள் ஒன்றின்மேல் ஒன்றாக ஒட்டிக் கிடக்கின்றன. விரிந்து தனித்தனியாகத் தெரிய வேண்டியவை அவை. எண்ணெய் லேனுக்கென்றே தேடி வாங்கிய வலுவான கோர் இந்தத் துளையால் வீணாகிறது.

இதை எழுதிக் கேட்டபோது உங்கள் ஊழியர் இரண்டு யோசனை சொன்னார். ஒன்று, மெதுவாக வீசுவது. சரி, வேகத்தைக் குறைத்தால் பந்து கொஞ்சம் அதிகமாகத் திரும்பும்தான், அதற்காகக் கேட்ட அளவை மாற்றிப் போட்டது நியாயமாகிவிடாது. மற்றொன்று, ஃப்ளேரைக் கூட்டக் கூடுதலாக ஒரு சமநிலைத் துளை (பிடிப்பதற்கல்லாமல் எடையைச் சரிசெய்யப் போடும் துளை) போடுவது. இதுதான் என்னை மிகவும் வருத்தியது. எங்கள் லீக் யுனைடெட் ஸ்டேட்ஸ் பவுலிங் காங்கிரஸ் விதிகளின்படி நடக்கிறது. அந்த விதிகளில் 2020 ஆகஸ்ட் 1 முதல் சமநிலைத் துளைக்கு இடமில்லை, விரலோ கட்டைவிரலோ போகாத துளை பந்தில் இருக்கவே கூடாது. அவர் சொன்னதைக் கேட்டிருந்தால் அந்தப் பந்தோடு லீக்கில் ஆடவே முடியாது. துளை போட்டுக் கொடுப்பதையே தொழிலாகச் செய்யும் இடத்திலிருந்து இப்படி ஒரு ஆலோசனை வரலாமா?

பழைய துளைகளை அடைத்து வேறு இடத்தில் போட்டுத் தருவதாகச் சொன்னாலும் எனக்குச் சம்மதமில்லை. நான் பணம் கொடுத்தது புதிய பந்துக்கு. அதே மாடலில், அதே எடையில் வேறொரு பந்தை என் படிவத்தில் உள்ள அளவுகளின்படி துளையிட்டு, 1000 அப்ரலான் மேற்பரப்புடன் அனுப்புங்கள். அனுப்பும் முன் பின் புள்ளியின் இடைவெளியை அளந்து படம் எடுத்து எனக்குக் காட்டுங்கள். அந்த மாடல் இருப்பில் இல்லையென்றால், துளையிட்ட கூலியும் அனுப்பும் செலவும் சேர்த்து முழுத் தொகையையும் திருப்பித் தாருங்கள். இந்தப் பந்தைத் திருப்பி அனுப்பும் செலவும் உங்களுடையதே. சமநிலைத் துளை பற்றிய விதியை உங்கள் ஊழியர்களுக்கும் தெரியப்படுத்துங்கள், அடுத்து கேட்பவர் அதை நம்பித் துளை போட்டுவிடக் கூடாது.

ஆர்டர் படிவத்தின் நகல், பந்தின் படங்கள், உங்கள் ஊழியரின் பதில்கள் அனைத்தையும் இணைத்துள்ளேன். பதிலை எழுத்துமூலம் எதிர்பார்க்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்