மறைந்த தலைவர்கள் வாயில் புது வசனம் எழுதாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஏஐ (செயற்கை நுண்ணறிவு) பற்றி உங்கள் பேப்பரில் வருகிற கட்டுரைகளை விடாமல் படிக்கிறேன். பாதிக்கு மேல் வேலை போய்விடுமா, பிள்ளையை என்ன படிக்க வைப்பது என்ற கவலையிலேயே நின்றுவிடுகின்றன. நியாயமான கவலைதான். ஆனால் தமிழ்நாட்டில் நம் கண் முன்னால் நடந்த ஒன்றை ரெண்டு நாள் வாய் பிளந்து பார்த்துவிட்டு மறந்துவிட்டோம். இறந்துபோன தலைவர்களைப் பேச வைத்தோமே, அதைச் சொல்கிறேன். இதில் வாய் திறக்க எனக்குக் கொஞ்சம் உரிமை உண்டு, ஏனென்றால் நான் மிமிக்ரி செய்து பிழைக்கிறவன். கோயில் திருவிழா, கல்யாண வரவேற்பு, கல்லூரி ஆண்டு விழா, தேர்தல் வந்தால் கட்சி மேடை. டிவியில் வந்த ஆள் இல்லை, எங்கள் மாவட்டத்தைத் தாண்டினால் என்னை யாருக்கும் தெரியாது.

உடனே "ஓஹோ, பிழைப்புப் போகிற வயிற்றெரிச்சலா" என்று கேட்பார்கள். ஆமாம், அதுவும் இருக்கிறது, ஒளிக்க என்ன இருக்கிறது? அது மட்டும் இல்லை என்பதால்தான் எழுதுகிறேன்.

2024 ஜனவரியில் திமுக மூத்த தலைவர் டி.ஆர். பாலுவின் தன்வரலாற்று நூல் வெளியீட்டு விழாவில் திரையில் கருணாநிதி தோன்றினார். கறுப்புக் கண்ணாடி, மஞ்சள் துண்டு, அதே குரல். நண்பரை வாழ்த்தினார், மகன் ஸ்டாலினின் தலைமையைப் பாராட்டினார். 2018 ஆகஸ்ட் 7ஆம் தேதி காலமான மனிதர். அடுத்த மாதமே, பிப்ரவரி 24, ஜெயலலிதா பிறந்த நாளன்று அதிமுக ஒரு ஒலிப்பதிவை வெளியிட்டது. அதில் ஜெயலலிதாவின் குரல் திமுக ஆட்சியைக் குறை சொல்லி, எடப்பாடி பழனிசாமிக்குத் துணை நிற்கச் சொன்னது. அவர் இறந்தது 2016 டிசம்பரில். ஆக ரெண்டு கழகமும் இந்த ஒரு விஷயத்தில் மட்டும் ஒருவரையொருவர் குறை சொல்ல வழியில்லை. ரெண்டுமே ஏஐ என்று ஊருக்கே தெரிந்துதான் நடந்தன, ஏமாற்றினார்கள் என்று நான் சொல்லவில்லை.

ஆனால் ஒரு கேள்வியை யாருமே கேட்கவில்லையே! அந்தப் பேச்சை எழுதியது யார்? குரலை இயந்திரம் செய்தது, சரி. வாசகத்தை யாரோ ஒரு ஆள் உட்கார்ந்து எழுதியிருப்பார், அல்லது எழுதச் சொல்லி ஓகே பண்ணியிருப்பார். அவருக்குப் பெயர் இல்லை. தமிழ் சினிமாவுக்கே வசனம் எழுதிக் கொடுத்த கருணாநிதிக்கு, பெயர் தெரியாத ஒருவர் வசனம் எழுதிக் கொடுத்திருக்கிறார், அதைக் கேட்டு அரங்கமே கைதட்டியிருக்கிறது. கைதட்டல் கருணாநிதிக்குப் போகிறது. நாளைக்கு அதே வழியில் ஏதாவது விஷமமாகப் பேச வைத்தால் திட்டு யாருக்குப் போகும்? அதுவும் கருணாநிதிக்குத்தான்.

நான் மேடையில் "என் உயிரினும் மேலான அன்பு உடன்பிறப்புகளே" என்று இழுக்கும்போது கைதட்டுகிறவர்கள் என்னைப் பார்த்துத்தான் கைதட்டுகிறார்கள். ஒல்லியாக, பேன்ட் சட்டையில் ஒருத்தன் நிற்கிறான், வாயிலிருந்து கலைஞர் வருகிறார், அந்தப் பொருத்தமின்மைதான் எங்கள் தொழிலே. அப்புறம் இன்னொன்று: நான் அந்தக் குரலில் ஏடாகூடமாக எதையாவது சொன்னால் கீழே இறங்கியதும் சட்டையைப் பிடிக்க ஆள் இருக்கிறார்கள். "அண்ணே, தலைவர் அப்படிச் சொல்ல மாட்டார்" என்று கட்சிக்காரர்கள் மேடையிலேயே வந்து காதைக் கடித்ததுண்டு. அந்தப் பயம் எங்களை ஒழுங்காக வைத்திருந்தது. இயந்திரத்துக்குச் சட்டையும் இல்லை, பிடிக்கிற ஆளும் இல்லை.

குரல் விஷயத்தில் ஒரு தொழில் ரகசியம் சொல்கிறேன். எம்ஜிஆர் செய்யுங்கள் என்றால் எங்களில் முக்கால்வாசிப் பேர் செய்வது 1967க்குப் பிந்தைய எம்ஜிஆரை. அந்த வருடம் ஜனவரி 12ஆம் தேதி எம்.ஆர். ராதா சுட்ட குண்டு கழுத்தில் பாய்ந்து குரல் மாறிப்போனது. வேறு ஆளை வைத்து டப்பிங் பேசியிருக்கலாம், அவர் அப்படிச் செய்யாமல் சிதைந்த குரலிலேயே நடித்தார், முதலமைச்சரானார், 1984இல் பக்கவாதம் வந்து பேச்சு இன்னும் குழறிய பிறகும் ஜனங்கள் அந்தக் குரலுக்குத்தான் ஓட்டுப் போட்டார்கள். குரலில் ஒரு ஆளின் வாழ்க்கை இருக்கிறது, அடிபட்டது, வயதானது, எல்லாம். கருணாநிதிக்கு 2016 கடைசியில் தொண்டையில் துளையிட்டுக் குழாய் வைத்தார்கள், அதற்குப் பிறகு அவரால் மேடையில் பேச முடியவில்லை. அந்த மௌனமும் அவருடையதுதான். அதைத் துடைத்துவிட்டு, நமக்கு வசதியான வயதில், வசதியான தெளிவில் ஒரு குரலைப் பொறுக்கி எடுத்து, அதற்கு நம் வாசகத்தை மாட்டி விடுகிறோம்.

பாடகர்கள் விஷயம் இருக்கிறதே என்பீர்கள். 'லால் சலாம்' படத்தில் பம்பா பாக்யா, சாகுல் ஹமீது இருவர் குரலையும் ஏ.ஆர். ரஹ்மான் ஏஐ மூலம் கொண்டுவந்தார். ஒருவர் 2022இல் இறந்தவர், மற்றவர் 1997இல். குடும்பத்தாரிடம் அனுமதி வாங்கி, பணமும் கொடுத்ததாக அவரே வெளிப்படையாகச் சொன்னார். இன்னொரு பக்கம், ஒரு தெலுங்குப் படத்தில் எஸ்.பி.பி.யின் குரலைக் கேட்காமல் கொள்ளாமல் உருவாக்கியதாகச் சொல்லி அவர் மகன் சரண் வக்கீல் நோட்டீஸ் அனுப்பினார். முதலாவது சரியான வழி, ரெண்டாவது தப்பு, இதில் எனக்குக் குழப்பம் இல்லை. பாடகர் இருந்தால் பாடியிருக்கக்கூடிய ஒரு மெட்டைப் பாட வைக்கிறார்கள், வீட்டுக்குக் காசு போகிறது, பாட்டு யாருடையது என்பதும் தெரிகிறது.

தலைவர்களுக்கு இந்தக் கணக்கு ஒத்து வராது. பிள்ளைகளுக்கு வீட்டை எழுதி வைக்கலாம், புத்தக ராயல்டியை எழுதி வைக்கலாம், அபிப்பிராயத்தை எழுதி வைக்க முடியுமா? 2024இல் யாரை ஆதரிக்க வேண்டும் என்று ஜெயலலிதா என்ன நினைத்திருப்பார் என்பது யாருக்கும் தெரியாது, குடும்பத்துக்கும் தெரியாது, கட்சிக்கும் தெரியாது. அவர் கட்சியிலேயே யாரை எப்போது தூக்குவார், யாரை எப்போது இறக்குவார் என்று பக்கத்தில் இருந்தவர்களுக்கே தெரியாதே!

இந்தக் கருவி கொஞ்சம் முன்னாலேயே வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். 2016 டிசம்பருக்குப் பிறகு அம்மாவின் வாரிசு யார் என்று எத்தனை அணிகள் கிளம்பின! ஓபிஎஸ் மெரினா சமாதியில் போய்க் கண்ணை மூடி உட்கார்ந்தார், சசிகலா அதே சமாதியில் ஓங்கி அடித்துச் சபதம் செய்தார், 2017 மார்ச்சில் தேர்தல் ஆணையம் இரட்டை இலையையே முடக்கியது. அன்றைக்கு ஆளுக்கொரு ஜெயலலிதாவைச் செய்து, "என் வாரிசு இவர்தான்" என்று பேச விட்டிருந்தால்? தொண்டன் எதை நம்பியிருப்பான்? சின்னத்தைப் பிரித்துக் கொடுக்க ஆணையம் இருந்தது. குரலைப் பிரித்துக் கொடுக்க யார் இருக்கிறார்கள்?

அதைவிட எனக்குப் பெரிதாகப் படுவது, உண்மையான பதிவுக்கு மதிப்புப் போய்விடுவது. 2018 மே மாதம், ஜெயலலிதா மரணத்தை விசாரித்த ஆறுமுகசாமி ஆணையம் மூலமாக, அவர் ஆஸ்பத்திரியில் மூச்சுத்திணறலோடு இருமிக்கொண்டே டாக்டரிடம் பேசுகிற ஆடியோ ஒன்று வெளிவந்தது நினைவிருக்கலாம். அதைக் கேட்டவர்கள் என்னென்னவோ விவாதித்தார்கள், ஆனால் அது அவர் குரல்தானா என்பது பெரிய விவாதமாக ஆனதாக எனக்கு நினைவில்லை. இன்றைக்கு அது வெளிவந்தால் முதல் கமென்டே "ஏஐ" என்றுதான் இருக்கும். 2023 ஏப்ரலில் அப்போதைய நிதியமைச்சர் பழனிவேல் தியாகராஜன் பேசியதாக ஆடியோ கிளம்பியபோது, அது தொழில்நுட்பத்தால் ஜோடிக்கப்பட்டது என்று அவர் மறுத்தார். யார் சொன்னது சரி என்ற விவகாரத்துக்குள் நான் போகவில்லை. ஆனால் அன்றிலிருந்து எந்த ஆடியோ வந்தாலும், நம்ப நினைக்கிறவன் நம்பலாம், மறுக்க நினைக்கிறவன் மறுக்கலாம் என்று ஆகிவிட்டது. லஞ்சம் கேட்கிற குரலை ஒரு சாதாரண ஆள் போனில் பதிவு செய்து கொண்டுபோனாலும் நாளைக்கு இதே பதில்தான் அவருக்கும் கிடைக்கும். பெரிய இடத்து விளையாட்டு கடைசியில் வந்து விடிவது இவர் தலையில்.

என் கதையையும் சொல்லிவிடுகிறேன், கேட்டால் சிரிப்பீர்கள். கடந்த தேர்தல் சமயத்தில் ஒரு ரெக்கார்டிங் ஆசாமி போனில் கூப்பிட்டு, பிரசார ஆட்டோவுக்கு ஒரு தலைவர் குரலில் சாம்பிள் பேசி அனுப்புங்கள், பிடித்திருந்தால் பேமென்ட் பேசிக்கொள்ளலாம் என்றார். நானும் நல்லபடியாகப் பேசி அனுப்பினேன். பிறகு சத்தமே இல்லை, போனையும் எடுக்கவில்லை. கொஞ்ச நாளில் எங்கள் தெரு வழியாகவே ஒரு ஆட்டோ போகிறது, அதே தலைவர் பேசுகிறார், நான் பேசாத வாசகத்தைப் பேசுகிறார், ஆனால் வாக்கியத்துக்கு நடுவில் நான் போடுகிற ஒரு செருமல் இருக்கிறது, அந்தத் தலைவர் அப்படிச் செரும மாட்டார், கூட்டத்தைச் சிரிக்க வைக்க நானாகச் சேர்த்துக்கொண்டது, அது அப்படியே வருகிறது! என் நகலை வைத்து ஒரு நகல் எடுத்திருக்கிறார்கள். யாரிடம் போய்ப் புகார் கொடுப்பது? என் குரல் என்று சொன்னால், அது தலைவர் குரல்தானேப்பா என்பார்கள். தலைவரே இல்லாதபோது அவர் எங்கே வந்து கேட்கப் போகிறார்?

சட்டம் என்ன சொல்கிறது என்று தெரிந்த வக்கீலிடம் விசாரித்தேன். உயிரோடு இருப்பவர்களுக்கு ஓரளவு பாதுகாப்பு இருக்கிறது. 2015இல் சென்னை உயர் நீதிமன்றம் ரஜினிகாந்தின் பெயர், பாணி இவற்றை அனுமதியில்லாமல் படத்தில் பயன்படுத்தக் கூடாது என்று சொல்லியிருக்கிறது. இறந்தவர்களுக்கு அது கிடையாது. ஜெயலலிதா வாழ்க்கைப் படத்தை எதிர்த்து அவர் அண்ணன் மகள் தீபா போட்ட வழக்கில், ஒருவரின் அந்தரங்க உரிமையும் நற்பெயரும் அவரோடு முடிந்துவிடுகின்றன, வாரிசுக்கு வராது என்று 2021இல் இதே நீதிமன்றம் சொல்லிவிட்டது. வாழ்க்கையைப் படமாக எடுக்கிறவர்களுக்கும் எழுதுகிறவர்களுக்கும் அந்தச் சுதந்திரம் வேண்டும்தான், இல்லாவிட்டால் யாரைப் பற்றியும் எதுவும் எழுத முடியாது. ஆனால் ஒரு நடிகை ஜெயலலிதாவாக நடிப்பதும், ஜெயலலிதாவின் குரலே புதிதாக ஓட்டுக் கேட்பதும் ஒன்றா? அமெரிக்காவில் டென்னசி மாநிலம் 2024இல் ஒருவரின் குரலையும் சட்டப் பாதுகாப்புக்குள் கொண்டுவந்துவிட்டது, பாடகர் எல்விஸ் பிரெஸ்லியின் ஊர் இருக்கிற மாநிலம், பாடகர்களுக்காகச் செய்தார்கள். நம் தமிழ்நாடு அரசு 2020லேயே செயற்கை நுண்ணறிவைப் பாதுகாப்பாகவும் நெறியோடும் பயன்படுத்துவதற்கு என்று ஒரு கொள்கை வெளியிட்டது. நல்ல விஷயம், ஆனால் அரசுத் துறைகள் வாங்கிப் பயன்படுத்துகிற கருவிகளைப் பற்றியது அது. கட்சி அலுவலகத்துக்குள் அது நுழையாது.

தேர்தல் ஆணையம் 2025 அக்டோபரில், ஏஐயில் செய்த பிரசாரப் படங்களில் பத்து சதவீத இடத்துக்கு முத்திரை போட வேண்டும், ஆடியோ என்றால் முதல் பத்து சதவீத நேரத்தில் அதைச் சொல்ல வேண்டும் என்றது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆட்டோவில் கட்டின கூம்பு ஸ்பீக்கரில் போகிற ஆடியோவின் முதல் பத்து சதவீதத்தை யார் கேட்பார்கள்? எங்கள் தெருவுக்கு அது வரும்போது நடுவில் இருக்கும். வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் வைக்கிறவன் அந்த முதல் பகுதியை வெட்டிவிட்டுத்தான் வைப்பான்.

எனவே முத்திரையோடு விடாமல் நேரடியாகவே ஒரு தடை போடுங்கள்: மறைந்த தலைவர்களைப் புதிதாகப் பேச வைத்து ஓட்டுக் கேட்கக் கூடாது. நினைவு நாளைக்கு அவர்கள் உண்மையிலேயே பேசின பேச்சைப் போடட்டும், மணிக்கணக்கில் கிடக்கிறது. பெரியார் 1973 டிசம்பரில் தி.நகரில் பேசிய கடைசிப் பேச்சு இருக்கிறது, வலியில் "அம்மா, அம்மா" என்று முனகிக்கொண்டே பேசியது. அதை எந்த இயந்திரத்தாலும் சரிசெய்து தர வேண்டியதில்லை. இன்றைக்கு இதைத் தடுக்காவிட்டால் பெரியாரையே கோயில் கும்பாபிஷேகத்துக்கு வாழ்த்துச் சொல்ல வைக்க ஒருவன் வருவான், பார்த்துக்கொண்டே இருங்கள்.

ஆணையமும் அரசும் செய்கிறபோது செய்யட்டும். உங்களிடம் ஒன்று கேட்கிறேன். இப்படி ஒரு வீடியோ வந்தால் "கலைஞர் வாழ்த்து", "ஜெயலலிதா வேண்டுகோள்" என்று தலைப்புப் போடாதீர்கள். அவர்கள் வாழ்த்தவும் இல்லை, வேண்டவும் இல்லை. ஒரு நிருபரை அனுப்பி அந்த வாசகத்தை எழுதியது யார், ஒப்புதல் கொடுத்தது யார் என்று கேட்டு, அவர்கள் பெயரைத் தலைப்பில் போடுங்கள். சொல்ல மறுத்தால், மறுத்தார்கள் என்று போடுங்கள்.

இப்படிக்கு,
மிமிக்ரி ஆர்டிஸ்ட் ஒருவர்,
மணப்பாறை