இந்த முறை பிக்னிக்குக்கு முன்னால் கொஞ்சம் காட்டு வேலை

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். நம் வார இறுதித் தமிழ்ப் பள்ளியின் ஒன்றுகூடல் இந்த வருடமும் சிகாகோ பக்கத்துப் பஸ்ஸி வூட்ஸ் காட்டில்தான், நவம்பர் முதல் சனிக்கிழமை. ஆனால் புளியோதரைப் பாத்திரத்தைத் திறப்பதற்கு முன் இரண்டு மணி நேரம் வேலை இருக்கிறது. நம் மாவட்டமான குக் கவுன்டியின் வனக் காப்பகத் தன்னார்வலர்களோடு சேர்ந்து நம் பிள்ளைகள் பக்தார்ன் புதர்களை அகற்றப் போகிறார்கள்.

பக்தார்ன் ஐரோப்பாவிலிருந்து வேலிக்காகக் கொண்டுவந்த செடி. பறவைகள் பழத்தைத் தின்று விதையைக் காடெங்கும் போட்டுவிட்டன. ராமநாதபுரத்துக்காரர்களுக்குச் சீமைக்கருவேலம் என்று சொன்னால் போதும், மிச்சம் புரிந்துவிடும். வசந்தத்தில் மற்ற மரங்களுக்கு முன்பே இது துளிர்க்கும்; மற்றவை இலை உதிர்த்த பிறகும் பச்சையாகவே நிற்கும். அந்த நிழலில் காட்டுப் பூக்கள் வருவதில்லை, ஓக் கன்றுகள் தலையெடுப்பதில்லை. பெரிய ஓக் மரங்கள் இருக்கின்றன, அடுத்த தலைமுறைதான் இல்லை. நவம்பரில் வைத்ததற்கும் காரணம் உண்டு. காடே மொட்டையாக நிற்கும்போது இந்தச் செடியைச் சின்னக் குழந்தைகூட எளிதில் கண்டுபிடித்துவிடும்.

“மரத்தை வெட்டக் கூடாது என்றுதானே சொல்லிக் கொடுத்தீர்கள்?” என்று பிள்ளைகள் கேட்பார்கள். நன்றாகக் கேட்கட்டும். வெட்டுவது மட்டுமல்ல, அங்கே திட்டமிட்டுத் தீ வைப்பதும் காட்டுப் பராமரிப்புதான். தடித்த பட்டை ஓக்கைக் காப்பாற்றும், சின்னப் புதர்கள் கருகிவிடும். இதையெல்லாம் வகுப்பில் உட்கார்ந்து விளக்குவது எனக்குச் சரியாக வருவதில்லை.

“சின்னப் பிள்ளைகளால் என்ன ஆகும்” என்று நினைப்பவர்களுக்கு ஒன்று: மோனார்க் பட்டாம்பூச்சி 1975இல் நம் இல்லினாய் மாநிலத்தின் அடையாளப் பூச்சியானது டிகேட்டர் நகரத்து மூன்றாம் வகுப்பு மாணவர்களின் முயற்சியால்.

காடும் நம்முடையதுதான். 1914இல் குக் கவுன்டி மக்கள் வாக்களித்து உருவாக்கிய வனக் காப்பகத்தைச் சேர்ந்தது இது. அந்தக் காப்பகத்துக்கு இன்று மொத்தம் ஏறக்குறைய 70,000 ஏக்கர், கவுன்டி நிலத்தில் சுமார் 11 சதவீதம். வீட்டுக்கு வரும் சொத்து வரி ரசீதைப் பாருங்கள், வனக் காப்பகத்துக்கென்று தனி வரி இருக்கும். காசு கொடுக்கிறோம், ஒரு காலை நேரத்தையும் கொடுப்போமே.

சரி, விதிகள். கீரை, காளான், பூ எதையும் பறிக்கக் கூடாது. பாட்டிமார்களிடம் இதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், அங்கே வந்து என்னால் வாதாட முடியாது. 1925 முதல் அங்கே வளர்க்கப்படும் எல்க் மான்களுக்கு வேலிக்கு வெளியிலிருந்து சப்பாத்தி நீட்டவும் வேண்டாம். முழுக்கால் சட்டை, மூடிய காலணி, கையுறை கட்டாயம். கால்சட்டை நுனியைச் சாக்ஸுக்குள் செருகிவிடுங்கள். குளிர் வந்தாலும் உண்ணிகள் இருக்கும், வீடு திரும்பியதும் உடம்பைப் பார்த்துவிடுங்கள். ரம்பம் பெரிய வகுப்புப் பிள்ளைகளுக்கு மட்டும், அதுவும் தன்னார்வலர் பக்கத்தில் நிற்கும்போது. சிறியவர்கள் கிளைகளை இழுத்துக் குவிப்பார்கள்.

கையெழுத்திட்ட ஒப்புதல் படிவத்தை அடுத்த வகுப்பில் ஆசிரியரிடம் கொடுத்துவிடுங்கள். சாப்பாட்டுப் பொறுப்பை ஏற்பவர்களும் அப்போதே பெயர் சொல்லிவிட்டால் நல்லது. போன தடவைபோல எல்லாரும் தயிர்சாதமே கொண்டுவர வேண்டாம்.

அன்புடன்,
தலைமையாசிரியர்