உயர்த்திய ஜீப்பில் வளைந்த ஆர்மை நிமிர்த்தி மாட்டாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வண்டியைத் தரையிலிருந்து உயர்த்தும் லிஃப்ட் கிட் போட்ட மஹிந்திரா தார் ஜீப், பெரிய டயர் என்று பத்திரிகைகளின் வாகனப் பக்கங்களில் படங்களோடு எழுதுகிறார்கள். அப்படி உயர்த்திய வண்டியில் முதலில் அடிவாங்கும் சஸ்பென்ஷன் ஆர்மை, அதாவது சக்கரத்தை வண்டியின் அடிச்சட்டத்தோடு (சேசிஸ்) இணைக்கும் இரும்புக் கையைப் பற்றிப் பேச்சே இல்லை. பாறையில் மோதி வளைந்த லோயர் ஆர்மை (கீழ் ஆர்ம்) கேஸ் தீயில் சூடாக்கி, அடித்து நிமிர்த்தி, பெயின்ட் பூசித் திருப்பி மாட்டுகிற வழக்கம் பட்டறைகளில் இன்னும் இருக்கிறது. மலைப்பாதை வளைவில் அந்த ஆர்ம் விட்டுப்போனால் சக்கரம் மடிந்து வண்டி பள்ளத்துக்குப் போகும். அதனால்தான் இவ்வளவு விரிவாக எழுத வேண்டியிருக்கிறது.

சூடாக்கிய இரும்பு பழைய பலத்துக்குத் திரும்பாது. மடிந்த இடத்தில் கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருக்கலாம். நிமிர்த்தும்போது அது இன்னும் நீளும். சூட்டில் ஆர்மின் சக்கர முனையில் உள்ள உருண்டை மூட்டான பால் ஜாயிண்ட்டின் ரப்பர் உறையும் கிரீஸும் போய்விடும், சேசிஸ் முனையில் உள்ள புஷ்ஷின் ரப்பரும் கருகிவிடும். புஷ் உட்காரும் வளையத்தில் வெல்டிங் வைத்தால் துளை கோணலாகி, புது புஷ் இறுக்கமாக உட்காராது. ஆகவே வளைந்த ஆர்மைக் கழற்றிப் போட்டுவிட்டுப் புதிது வாங்குவது ஒன்றே வழி.

புதிது மாட்டியும் சில மாதத்தில் திரும்பக் கெடுகிறது என்றால், லிஃப்ட் செய்த விதத்தில்தான் கோளாறு. 2020-இல் வந்த தாரில் முன்பக்கம் மேல் ஆர்ம், கீழ் ஆர்ம் என இரண்டும் காயில் ஸ்பிரிங்கும்; பின்பக்கம் லிங்குகளில் (இணைப்புத் தண்டுகளில்) தொங்கும் முழு ஆக்சில். ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் சேர்ந்த முன் ஸ்ட்ரட்டின் தலையில், உயர்த்துவதற்காக 25 மி.மீ. ஸ்பேசர் (இடைக்கட்டை) வைத்தால் சக்கரத்தில் உயர்வு 25 மி.மீ.யோடு நிற்காது. ஸ்ட்ரட் ஆர்மின் நடுவாக்கில் உட்கார்ந்திருப்பதால் சக்கரத்தில் அது கூடுதலாகவே தெரியும். ஸ்ட்ரட் மொத்தமாகக் கீழே இறங்கிவிடுவதால், சக்கரம் தொங்கும்போது கம்பெனி வைத்த எல்லையையும் தாண்டி இறங்கும். அப்போது மேல் பால் ஜாயிண்ட்டின் தண்டு அதன் கிண்ணத்தின் விளிம்பில் இடிக்கும். மேல் ஆர்ம் ஸ்பிரிங்கில் உரசும். சக்கரத்தைச் சுழற்றும் டிரைவ் ஷாஃப்ட்டின் ரப்பர் உறை (பூட்) கிழியும். உயரத்துக்கு ஏற்ற கோணத்தில் செய்த மேல் ஆர்ம் போடாமல் ஸ்பேசரை மட்டும் வைப்பது அரைகுறை வேலை.

ஆர்ம் கெட்டதா என்று பார்ப்பது எளிது. வண்டி ஒரு பக்கம் இழுக்கும், டயரின் ஒரு ஓரம் மட்டும் தேயும், வேகத்தடையில் 'டொக்' என்று சத்தம் வரும். சக்கரத்தைத் தூக்கி மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் இருந்தால் உதவிக்கு ஒருவரை பிரேக்கை மிதிக்கச் சொல்லுங்கள். மிதித்ததும் ஆட்டம் நின்றால் கோளாறு பேரிங்கில். நிற்காவிட்டால் பால் ஜாயிண்ட்டில். பிறகு புஷ் போல்ட்டிலிருந்து பால் ஜாயிண்ட் வரை இரண்டு பக்கமும் டேப் வைத்து அளந்து பாருங்கள். சில மில்லிமீட்டர் வித்தியாசம் வந்தாலே ஏதோ ஒன்று வளைந்திருக்கிறது.

கழற்றுவதற்கு முன், வண்டி தரையில் நிற்கும்போதே சக்கர நடுவிலிருந்து மட்கார்டு விளிம்பு வரை உயரத்தை அளந்து எழுதி வையுங்கள். பின்சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, ஸ்டாண்டைச் சேசிஸுக்கு அடியில் வைக்க வேண்டும், ஆர்முக்கு அடியில் அல்ல. 2020-க்கு முந்தைய தாரின் CRDe மாடலில் முன்பக்கம் டார்ஷன் பார் (முறுக்கத்தால் ஸ்பிரிங் வேலை செய்யும் கம்பி) இருக்கிறது. அதன் போல்ட் எத்தனை மரை வெளியே நிற்கிறது என்று குறித்துவிட்டு, முறுக்கத்தை முழுதும் தளர்த்திய பிறகே ஆர்மைத் தொடலாம். தளர்த்தாமல் பால் ஜாயிண்ட்டைக் கழற்றினால் ஆர்ம் விசிறி அடித்துக் கையை முறித்துவிடும்.

ஏபிஎஸ் வயரையும் பிரேக் ஹோஸையும் கிளிப்பிலிருந்து விடுவியுங்கள். பிரேக் காலிப்பரை (பிரேக் பேடைப் பிடிக்கும் பாகம்) ஹோஸில் தொங்கவிடாமல் கம்பியால் சேசிஸில் கட்டுங்கள். பால் ஜாயிண்ட் நட்டு கழலாமல் தடுக்கும் ஸ்பிலிட் பின்னை எடுத்து, நட்டை முழுதும் கழற்றாமல் சில மரை விட்டுவைத்து, புல்லர் என்ற இழுப்பானால் ஜாயிண்ட்டைப் பிரியுங்கள். திரும்ப மாட்டும்போது தண்டு உட்காரும் கூம்புத் (டேப்பர்) துளையில் கிரீஸோ எண்ணெயோ இருக்கக் கூடாது. ஸ்பிலிட் பின் போகும் துளை நேராக வராவிட்டால் நட்டை இன்னும் கொஞ்சம் இறுக்க வேண்டும், தளர்த்தவே கூடாது. ஸ்பிலிட் பின்னும் லாக் நட்டும் புதிதாகத்தான் போட வேண்டும். தலையில் 10.9 என்று பொறித்த போல்ட் இருந்த இடத்தில் கடையில் கிடைத்த, பலம் குறைந்த 8.8-ஐப் போடாதீர்கள்.

அதிகம் தவறுவது புஷ் போல்ட்டை இறுக்கும் இடத்தில்தான். புஷ்ஷின் ரப்பர் உள்குழாயோடும் வெளிக்குழாயோடும் ஒட்டியது. போல்ட் இறுகியதும் உள்குழாய் அசையாது; ஆர்ம் ஏறி இறங்குவதை ரப்பர்தான் முறுக்கித் தாங்குகிறது. சக்கரம் தொங்கும் நிலையில் இறுக்கிவிட்டால், வண்டி தரையில் நிற்கும்போதே ரப்பர் முறுக்கிக் கிடக்கும். அதன்மேல் ஒவ்வொரு பள்ளமும் சேர்ந்து சீக்கிரம் கிழிந்துவிடும். லிஃப்ட் கிட் போட்டவர்கள் ஆர்ம் போல்ட்டைத் தளர்த்திப் புது உயரத்தில் மீண்டும் இறுக்காமல் அப்படியே விடுவதும் இதே கேட்டைத்தான் செய்கிறது. எனவே முதலில் கையிறுக்கம் மட்டும் போதும். லோயர் ஆர்மை பால் ஜாயிண்ட் ஓரத்தில் ஜாக்கியால் தூக்கி, எழுதி வைத்த உயரத்துக்குக் கொண்டுவந்து, சர்வீஸ் மேனுவலில் அந்த மாடலுக்குச் சொன்ன அளவில் டார்க் ரெஞ்சால் (இறுக்கும் விசையை அளக்கும் ஸ்பேனர்) இறுக்குங்கள். லிஃப்டின் உயரத்தையும் சேர்த்து மாற்றுகிறீர்கள் என்றால் பழைய அளவு உதவாது. வண்டியைச் சக்கரத்தில் இறக்கிக் குலுக்கிவிட்டு இறுக்குங்கள். சுழலும் பாலியூரித்தேன் புஷ்ஷுக்கு இந்தச் சிக்கல் இல்லை, ஆனால் கிரீஸ் வற்றினால் கிரீச்சிடும்.

பின்பக்க லிங்குகளை ஒவ்வொன்றாகத்தான் மாற்ற வேண்டும். எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் கழற்றினால் ஆக்சில் திரும்பிவிடும், துளைகள் சேராது. ஆக்சில் பக்கவாட்டில் நகராமல் பிடிக்கும் பான்ஹார்ட் ராடு, உயர்த்திய வண்டியில் ஆக்சிலை ஒரு பக்கம் இழுத்து வைத்திருக்கும். நீளம் மாற்றக்கூடிய ராடு போட்டு நடுவுக்குக் கொண்டுவாருங்கள். பிரேக் ஹோஸ் முழுத் தொங்கலில் விறைக்கிறதா என்றும் பாருங்கள்.

வேலை முடிந்த அன்றே வீல் அலைன்மென்ட் செய்ய வேண்டும். டோ (மேலிருந்து பார்க்கையில் சக்கரங்கள் உள்ளே, வெளியே திரும்பியிருக்கும் அளவு) மட்டும் சரிசெய்து அனுப்பினால் ஒத்துக்கொள்ளாதீர்கள். கேஸ்டர் (ஸ்டியரிங் திரும்பும் அச்சு பின்னோக்கிச் சாய்ந்திருக்கும் கோணம்) குறைந்தால் ஸ்டியரிங் தானாக நேருக்குத் திரும்பாது. 500 கிலோமீட்டருக்குள் எல்லா போல்ட்டையும் ஒருமுறை சரிபார்க்கவும்.

சட்டத்தையும் வாசகர்கள் அறிய வேண்டும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு, தயாரிப்பாளர் தந்த விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. 2019 திருத்தத்தில் வந்த 182ஏ பிரிவின்படி, உதிரிபாகம் சேர்த்து விதிக்கு மாறாக வண்டியை மாற்றும் உரிமையாளருக்கு ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ இரண்டுமோ விதிக்கலாம். லிஃப்ட் பற்றித் தங்கள் நாளிதழில் இனி எழுதும்போது, விலையோடும் படத்தோடும் ஆர்ம், புஷ், அலைன்மென்ட் செலவையும் இந்தப் பிரிவுகளையும் சேர்த்து அச்சிடுமாறு கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
நான்கு சக்கர இயக்க வாகனப் பழுதுபார்ப்போர் சிலர்,
கோயம்புத்தூர்